பிப்ரவரியில் கருயிசாவா: சீசன் இல்லாத மலையூருக்குப் போகலாமா?

டோக்கியோவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்ரவரி நடுவில் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நாகானோ மாகாணத்துக் கருயிசாவாவில் இரண்டு இரவு தங்கலாம் என்று யோசிக்கிறார். அலுவலகத்தில் விசாரித்தால், "அது கோடையில் போகிற ஊர். இப்போது கடையெல்லாம் மூடிக்கிடக்கும், குளிர் வேறு" என்கிறார்களாம். போகலாமா, போனால் என்ன பார்ப்பது, வயசானவர்களுக்குச் சரிப்படுமா என்பது கேள்வி.

தாராளமாகப் போங்கள். அலுவலகத்தில் சொன்னது பொய்யில்லை. கடைகள் நிறைய மூடித்தான் இருக்கும், குளிரும் கடுமைதான். ஆனால் அந்த ஊரின் தலைக்குமேல் நிற்கும் அசாமா எரிமலையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். கோடையில் கருயிசாவாவுக்குப் போய்விட்டு அசாமாவைப் பார்க்காமலே திரும்பியவர்கள் எக்கச்சக்கம்.

காரணம் அந்த ஊர் உட்கார்ந்திருக்கும் இடம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். கிழக்கே உசுயி கணவாய் செங்குத்தாக இறங்கி டோக்கியோ இருக்கும் கான்டோ சமவெளியில் முடிகிறது. கோடையில் சமவெளியின் ஈரக்காற்று அந்தச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மூடுபனியாகிறது. ஜப்பானிலேயே மூடுபனி அதிகம் விழும் ஊர்களில் இது ஒன்று. அந்த ஈரத்தில்தான் மரத்தடியெல்லாம் பாசி படர்ந்து ஊர் பச்சைப்பசேலென்று இருக்கிறது. மலையை மறைப்பதும் அதே ஈரம்தான்.

குளிர்காலத்தில் காற்று திசை மாறுகிறது. ஜப்பான் கடலைத் தாண்டி வரும் வாடைக்காற்று ஹகுபா, நோசாவா ஒன்சென் பக்கத்து மலைகளிலேயே தன் பனியைக் கொட்டிவிடும். கருயிசாவாவுக்கு வந்து சேரும்போது அதில் மிஞ்சுவது குளிர் மட்டும்தான். ஆகவே இங்கே பனிப்பொழிவு குறைவு, வெயில் அடிக்கும் நாட்கள் அதிகம், வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஊர் முழுக்க நிற்கும் லார்ச் மரங்கள் ஊசியிலை வகைதான், ஆனாலும் இலையுதிர்ப்பவை. நவம்பர் முடிவதற்குள் மொட்டையாகிவிடும். அப்புறம் சந்து பொந்தெல்லாம் வெளிச்சம். 2,568 மீட்டர் உயர அசாமா, வெள்ளைக் கோடுகள் இறங்கிய பழுப்பு உடம்போடு, சில நாள் உச்சியில் மெல்லிய புகையோடு நேர் எதிரே தெரியும்.

பார்க்க நல்ல இடம் ரயில் நிலையம் இருக்கும் பக்கமல்ல. மேற்கே ஒயிவாகே பக்கம். எடோவையும் (டோக்கியோவின் பழைய பெயர்) கியோட்டோவையும் இணைத்த பழைய நகாசென்டோ சாலையில் வழிப்போக்கர்கள் தங்கிப்போகும் ஊர்களில் ஒயிவாகேயும் ஒன்று. கருயிசாவாவிலிருந்து ஷினானோ ரயில்வேயில் இரண்டாவது நிறுத்தம், ஷினானோ ஒயிவாகே. மலை அங்கே இன்னும் கிட்டத்தில், குறுக்கே எதுவும் மறைக்காமல் நிற்கும். காலை எட்டு மணிக்கு முன் போனால் பனி படிந்த சரிவில் சாய்வெயில் விழுந்து ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும்.

அதை வெறும் காட்சியாக மட்டும் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. 1783 ஆகஸ்டில் அசாமா வெடித்தபோது வடக்குச் சரிவில் இருந்த கன்பாரா கிராமம் சேறும் பாறையுமாக வந்த பெருக்கில் புதைந்துபோனது. 477 பேர் இறந்தார்கள். மேட்டில் இருந்த கன்னோன் என்ற பௌத்தத் தெய்வத்தின் கோயிலுக்கு ஓடி ஏறியவர்கள், அன்று ஊரில் இல்லாதவர்கள் என்று 93 பேர்தான் பிழைத்தார்கள். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. தரைக்கு மேலே தெரிவது 15 படிகள் மட்டும். மீதிப் படிகள் மண்ணுக்குள். 1979இல் தோண்டிப் பார்த்தபோது கீழே படிகளின் அடியில் இரண்டு பெண்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. இளையவள் மூத்தவளை முதுகில் சுமந்துகொண்டு ஏற முயன்றிருக்கிறாள் என்பது அவை கிடந்த நிலையிலிருந்து தெரிந்தது. அந்தப் படிகளில் இன்று ஏறும்போது கால் கொஞ்சம் தயங்கும். கருயிசாவாவிலிருந்து கார் வேண்டும், சாலை மலையைச் சுற்றிப் போகிறது. பனி விழுந்த மறுநாள் பெற்றோரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எரிமலை என்றதும் அம்மா பயப்படலாம். ஜப்பான் வானிலை ஆய்வு மையம் அசாமாவுக்கு 1 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. 1, 2 என்றிருந்தால் கட்டுப்பாடெல்லாம் எரிமலையின் வாயைச் சுற்றித்தான். ஊர் வழக்கம்போல் நடக்கும். கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, மூடிக்கிடக்கும் கடைகளுக்கு வருவோம். ரயில் நிலையத்துக்கு வடக்கே ஏறக்குறைய 2 கிலோமீட்டரில் பழைய கருயிசாவா கடைத்தெரு. கோடையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாத தெரு. பிப்ரவரியில் பாதிக்குப் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். ஷட்டரில் சின்னக் காகிதம், கையால் எழுதியது: ஏப்ரல் நடுப்பகுதி வரை விடுமுறை, இந்த ஆண்டும் ஆதரவுக்கு நன்றி. மழை நனைக்காமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையும் டேப் ஒட்டியிருப்பார்கள். அடுத்த கடையிலும் அதேபோல ஒன்று. இவர்களில் பலர் கோடைக்கு மட்டும் இங்கே வந்து கடை நடத்துபவர்கள். திறந்திருப்பவை ஊர்க்காரர்களின் ரொட்டிக் கடைகள், ஜாம் கடைகள், ஒன்றிரண்டு காப்பிக் கடைகள். அவற்றில் அவசரமே இல்லாமல் உங்களிடம் பேசுவார்கள். ஆகஸ்டில் அதற்கு அவர்களுக்கு நேரம் கிடையாது.

ரொட்டியும் ஜாமும் இந்த ஊரில் ஏன் இவ்வளவு என்றால், இந்த ஊரை மலைவாசத்தலமாக ஆக்கியவர்கள் மேல்நாட்டுப் பாதிரியார்கள். கனடாவில் பிறந்த அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா 1886இல் இங்கே வந்தார், 1888இல் ஒரு கோடைவீடு அமைத்துக்கொண்டார். புதுச் சாலை வந்து பழைய நகாசென்டோவில் ஆள் நடமாட்டம் அற்றுப்போய், ஊர் நொடித்துக் கிடந்த நேரம் அது. டோக்கியோவின் கோடைப் புழுக்கம் தாங்காத வெளிநாட்டினர் அவர் பின்னால் வர, அவர்கள் பின்னால் ஜப்பானியப் பிரபுக்களும் பணக்காரர்களும் வந்தார்கள். கடைத்தெருவின் கோடியில் மரத்தால் கட்டிய ஷா நினைவுத் தேவாலயம் இருக்கிறது, வாசலில் அவருடைய மார்பளவுச் சிலை. கடைத்தெருவை ஒட்டியே 1935இல் அன்டோனின் ரேமண்ட் கட்டிய புனித பவுல் தேவாலயம். கூர்ங்கூரையும் உள்ளே மூடாமல் விட்ட மரச் சட்டங்களும் அவசியம் பார்க்க வேண்டியவை.

தேவாலயம் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நகா கருயிசாவா பக்கம், கென்ட்ரிக் கெல்லாக் வடிவமைத்து 1988இல் திறந்த கல் தேவாலயம், ஜப்பானியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் உச்சிமுரா கன்சோ நினைவாகக் கட்டியது. கல் வளைவுகளுக்கும் கண்ணாடி வளைவுகளுக்கும் நடுவே வெளிச்சம் இறங்கும் விதம் அபாரம். ஆனால் கல்யாணம் நடக்கும் நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். நல்ல சீசன் சனி ஞாயிறுகளில் ஒன்று முடிந்து ஒன்று கல்யாணம்தான். குளிர்கால வாரநாட்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கட்டடக்கலையில் கொஞ்சம் ஆசை இருந்தாலும் இந்த ஒன்றுக்காகவே பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைத்தெருவிலிருந்து பக்கத்துச் சந்துகளில் திரும்புங்கள். நிரந்தரமாக வாழ்பவர்கள் 20,000 சொச்சம் பேர் இருக்கும் ஊரில் கோடைவீடுகள் 16,000 வரை இருக்கின்றன. பிப்ரவரியில் அவற்றில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். குழாய் வெடிக்காமலிருக்க உள்ளே இருக்கும் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். கோடையில் இலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வீடுகள் இப்போது கண்ணில் படும்: கல்லடுக்கிய புகைபோக்கி, மரப்பட்டை ஒட்டிய சுவர், வெளிவராந்தா. நூறாண்டுக்கு முந்தைய ஜப்பானியத் தச்சர்கள் மேல்நாட்டு வீட்டைத் தங்கள் கைப்பழக்கத்தில் எப்படிக் கட்டினார்கள் என்பதை நின்று நிதானமாகப் பார்க்கலாம். வாசலுக்குள் மட்டும் நுழைய வேண்டாம். ஆளில்லாத வீடானாலும் தனியார் வீடு.

1894இல் தொடங்கிய மாம்பேயி ஹோட்டலும் அந்தப் பக்கம்தான். பெரிய பராமரிப்பு வேலைகளுக்குப் பிறகு 2024இல் மறுபடி திறந்தார்கள். ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் குடும்பத்தோடு கோடைக்கு வந்து தங்கிய இடம். அவர் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லும் பால் டீ அங்குள்ள கஃபேயில் கிடைக்கும். பால் விட்ட டீக்காக ஏங்கும் பெற்றோருக்கு நல்ல இடம். தங்குவதற்கு விலை அதிகம், டீ குடிக்கப் போகலாம்.

என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் எதை விட்டாலும் ஷிராய்தோ அருவியை விடக்கூடாது. உயரம் 3 மீட்டர்தான், அகலம் ஏறக்குறைய 70 மீட்டர். ஆற்றுத் தண்ணீர் விழும் அருவி அல்ல இது. அசாமா சரிவில் பெய்த மழை எரிமலை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் ஊறி, தண்ணீர் புகாத அடுக்கு ஒன்றின்மேல் வழிந்து, பாறை முகத்தில் நூல்நூலாகக் கசிகிறது. அதனால் ஆண்டு முழுக்க தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 12 டிகிரி. சுற்றிலும் மைனஸ் 10 இருக்கும் காலையில் அது உறையாமல் ஓடும், மேலே ஆவி பறக்கும். கிட்டே போய்ப் பாருங்கள். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் புல்நுனி ஒவ்வொன்றும் கண்ணாடிக் குழல்போல் உறைந்திருக்கும். ஒரு சாண் தள்ளி, தண்ணீர் ஓடும் இடத்தில் பாசி பச்சையாகவே இருக்கும். நிலையத்திலிருந்து குசாட்சு போகும் பேருந்து அரை மணியில் அங்கே விடும். நிறுத்தத்திலிருந்து நடை சில நிமிடம்தான், பெரிய ஏற்றமில்லை. ஆனால் பாதை உறைந்திருக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

குளிரைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் சராசரி வெப்பம் உறைநிலைக்கு 3 டிகிரி வரை கீழே. பகலில் 2, 3 டிகிரி, இரவில் மைனஸ் 8 சாதாரணம், சில இரவுகளில் அதைவிடக் கீழே போகும். 1972 பிப்ரவரியில் ஐக்கிய செஞ்சேனை என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் இங்கே அசாமா சான்சோ என்ற விடுதியில் ஒரு பெண்ணைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு பத்து நாள் போலீசோடு மோதினார்கள். மூன்று பேர் செத்தார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்த அந்த முற்றுகையில், போலீஸ்காரர்களுக்கு அனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலங்கள் கல்லாக உறைந்துபோயின. அதனால் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் கப் நூடுல்சைக் கொடுத்தார்கள். அந்த உணவு நாடெங்கும் பரவியதற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம் என்பார்கள். அப்படிப்பட்ட குளிர். சென்னை ஸ்வெட்டரை நம்பி வராதீர்கள். உள்ளே வெப்ப உள்ளாடை, காது மூடும் குல்லா, கையுறை, அப்புறம் முக்கியமாகக் காலணியின் அடிப்பாகம். வெயில் படாத சந்துகளில் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடிபோல் கிடக்கும். ஷூவுக்கு மேல் மாட்டும் முள் பட்டையை டோக்கியோவிலேயே வாங்கிவிடுங்கள். விலை அதிகமில்லை.

வயசானவர்களுக்கு இந்தக் குளிருக்கு ஈடாக இருப்பது வெந்நீர் ஊற்று. நகா கருயிசாவாவில் ஹோஷினோ பகுதியின் தொம்போ நோ யூ குளியலகத்துக்கு வெளியாட்களும் போகலாம். ஆண்கள், பெண்கள் தனித்தனி, ஆனால் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். நம் அம்மாக்களில் பலர் இதற்குச் சம்மதிக்கமாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள். அறையிலேயே ஊற்றுநீர் தொட்டி உள்ள விடுதியோ, குடும்பத்துக்கென்று மணிக்கணக்கில் குளியலறை ஒதுக்கித் தரும் விடுதியோ பாருங்கள். கோடையில் இவற்றின் வாடகை கண்ணைக் கட்டும். பிப்ரவரி வாரநாளில் நன்றாகக் குறையும். வெளியே மைனஸ், உள்ளே 40 டிகிரி என்றால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மெதுவாக இறங்கி மெதுவாக எழுந்திருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

அதே ஹோஷினோ பகுதியில் பறவைகளுக்கென்று காக்கப்படும் காடு இருக்கிறது. இலை இல்லாததால் பறவை பார்க்கக் குளிர்காலம் வசதி, வழிகாட்டியோடு கூட்டிப்போகிறார்கள். இந்த ஊரில் கருங்கரடிகள் உண்டு. அவை உறங்கும் பருவம் என்பது பிப்ரவரிக்கு இன்னொரு நல்ல அம்சம்.

சைவச் சாப்பாடு கொஞ்சம் சிரமம். நாகானோ சோபா நூடுல்சுக்குப் பேர்போன ஊர், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் கலந்த தாஷி இருக்கும். பூசணிக்காயோ இனிப்புப் பயறோ உள்ளே வைத்துச் சுட்ட ஓயாகி என்ற மாவுப் பண்டம் கிடைத்தால் வாங்குங்கள், கேட்டு உறுதி செய்துகொண்டு. நான் சொல்வது ட்சுருயா சூப்பர் மார்க்கெட். குளிர்காலத்திலும் ஊர்க்காரர்கள் நடமாடும் இடம் அது. ஜாம் வரிசை மட்டுமே ஒரு சுவர் நீளம் இருக்கும், ஆப்பிளும் உலர்பழமும் உள்ளூர்ச் சரக்கு. கெட்டில் உள்ள அறையாகப் பார்த்து, பருப்புப்பொடியும் உடனடி உப்புமாவும் எடுத்துப் போவதில் தப்பே இல்லை. இன்னொன்று: இரவு 11 மணிக்கு மேல் கடை நடத்தக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, கன்வீனியன்ஸ் ஸ்டோருக்கும் சேர்த்து. மருந்தோ பாலோ வேண்டுமென்றால் மாலையிலேயே வாங்கிவிடுங்கள்.

நிலையத்துக்குத் தெற்கே இருக்கும் பிரின்ஸ் ஷாப்பிங் பிளாசாவும் பனிச்சறுக்கு மைதானமும் ஆண்டு முழுக்கக் கூட்டம்தான். இயற்கைப் பனி போதாததால் செயற்கைப் பனி தயாரித்து நவம்பர் தொடக்கத்திலேயே மைதானத்தைத் திறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் பெரிய ஈர்ப்பில்லை. நடுங்கும் வெளியிலிருந்து தப்பிக்க ஒரு மத்தியானம் போய் உட்காரலாம். அதைவிட, 1964 ஒலிம்பிக்கின் குதிரையேற்றமும் 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் கர்லிங்கும் (பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் ஆட்டம்) நடந்த ஊர் இது. ஐஸ் பார்க்கில் உள்ளூர்க்காரர்கள் கர்லிங் ஆடுவதைப் பார்ப்பது சுவாரசியமாக இருக்கும்.

விட வேண்டியதையும் சொல்கிறேன். உசுயி கணவாய்ப் பார்வைமேடை மனசுக்குப் பிடித்த இடம். 1916 கோடையில் கருயிசாவாவுக்கு வந்து பெண்கள் பல்கலைக்கழக மாணவிகளிடம் பேசிய தாகூருக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள், பின்னால் மனிதகுலம் போரிடாதிருக்கட்டும் என்ற பொருளில் வாசகம். ஆனால் அங்கே போகும் சிவப்புப் பேருந்து குளிர்காலத்தில் ஓடாது, சாலையும் உறைந்திருக்கும். அதை வசந்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் சுலபம். டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்செனில் 70 நிமிடம் வாக்கில், கட்டணம் ஏறக்குறைய 6,000 யென். மலையின் பெயரே கொண்ட அசாமா ரயிலோ, ஹகுதகா ரயில்களில் கருயிசாவாவில் நிற்பதோ பிடியுங்கள். ககயாகி ரயில் அங்கே நிற்காது. ஊருக்குள் குளிர்காலத்தில் பேருந்து குறைவு, ஆகவே டாக்சிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். கார் எடுத்தால் குளிர்கால டயர் போட்டிருக்கிறதா என்று சாவி வாங்கும் முன்பே கேளுங்கள். பனியில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் கார் வேண்டாம்.

வாரநாளில் போங்கள், ஆனால் செவ்வாய், புதன் தவிர்த்து. திறந்திருக்கும் கொஞ்ச உணவகங்களும் குளிர்காலத்தில் அந்த நாட்களில்தான் பெரும்பாலும் விடுமுறை விடுகின்றன. வியாழன் காலை கிளம்பி சனி மதியம் திரும்புவது சரியாக வரும். பிப்ரவரி 11 பொது விடுமுறையையும் சீனப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்த்தால் வாடகையும் குறையும். முதல் நாள் கடைத்தெருவும் தேவாலயங்களும், இரண்டாம் நாள் காலை ஒயிவாகே, மதியம் ஷிராய்தோ, மாலை வெந்நீர் ஊற்று. முதல் நாள் வந்து இறங்கும்போதே வானம் தெளிவாக இருந்தால் இந்த வரிசையை மாற்றி, பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே ஒயிவாகே ரயிலைப் பிடியுங்கள். மறுநாளும் மலை அப்படியே தெரியும் என்று நம்பி இருக்க முடியாது.